யார் நடிக்கும்போது போவது? நெடுநாள் ஓடும் மியூசிக்கலுக்குத் தேதி குறிப்பதில் நேரும் தவறுகள்

நியூயார்க்கின் பிராட்வே அரங்கு ஒன்றில் இருக்கையில் அமர்ந்து கையேட்டைப் பிரித்தால், சில நாள்களில் உள்ளிருந்து ஒரு துண்டுத்தாள் மடியில் விழும். ‘இன்றைய காட்சியில் இந்த வேடத்தை இன்னார் ஏற்கிறார்’ என்று ஒற்றை வரி. ஆறு மாதம் முன்பே டிக்கெட் வாங்கி, விமானத்தில் கால் மடக்கிக் கிடந்து வந்து சேர்ந்தவருக்கு மாலை முழுவதும் கசந்துபோக அந்த ஒரு வரி போதும். (பிராட்வே என்றதும் பாரிமுனை பஸ் நிலையம் நினைவுக்கு வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும். இது அமெரிக்காவின் பிராட்வே.)

பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் மியூசிக்கல் நாடகங்கள் சில ஆண்டுக்கணக்கில் ஓடும். ‘லே மிஸெராப்’ லண்டனில் 1985 அக்டோபரில் தொடங்கியது. ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ அடுத்த ஆண்டு அக்டோபரில். இப்போது பிராட்வேயில் ஓடும் ‘சிகாகோ’ 1996 முதல் ஓடுகிறது, ‘லயன் கிங்’ 1997 முதல், ‘விக்கெட்’ 2003 முதல். கதை மாறாது, பாட்டு மாறாது, பாடுகிறவர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். அதனால் “எப்போது போகலாம்?” என்ற கேள்வி, “யார் நடிக்கும்போது போகலாம்?” என்று ஆகிவிடுகிறது. நமக்கு இது புதிதல்ல. வள்ளி திருமணம் யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார் என்று பார்த்துவிட்டுத்தான் ஊர் திரளும். ஆளைப் பார்த்துப் போவதில் தவறில்லை. தேதி குறிக்கும் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள்.

வாரத்துக்கு எட்டுக் காட்சி என்பதை மறப்பது

லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய மியூசிக்கல்கள் பொதுவாக வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் நடத்துகின்றன. குரலைக் கிழித்துப் பாட வேண்டிய ஒரு வேடத்தை ஒரே ஆள் எட்டு முறையும் செய்வது கடினம். எனவே சில வேடங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இரண்டு பேர். விளம்பரத்தில் இருப்பவர் ஆறு காட்சி, மாற்று நடிகர் இரண்டு காட்சி. ‘ஃபேன்டம்’ நாடகத்தின் நாயகி கிறிஸ்டீன் வேடம் இதற்கு நல்ல உதாரணம். அந்த வேடத்தை முதலில் ஏற்ற சாரா பிரைட்மனுக்கே லண்டனில் கிளேர் மூர் மாற்றாக இருந்தார். 1979இல் பிராட்வேயில் ‘எவிட்டா’ வந்தபோது மாலைக் காட்சிகளை பேட்டி லுபோன் பாடினார், மேட்னிக் காட்சிகளை டெர்ரி கிளாஸ்னர் பாடினார். 2017இல் ‘ஹலோ, டாலி!’ மறுபடி மேடையேறியபோது ஊரே பெட் மிட்லரைப் பார்க்க முண்டியடித்தது. செவ்வாய் மாலைகளில் அந்த வேடத்தில் வந்தவரோ டோனா மர்ஃபி.

இவை எதுவும் ரகசியம் அல்ல. ஆனால் சுவரொட்டியில் இருக்காது, டிக்கெட் விற்கும் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நான் முதல்முறை ஏமாந்ததும் இப்படித்தான். ஒரு பாடகியின் குரலுக்காகவே, விலை குறைவு என்று புதன்கிழமை மேட்னிக்கு டிக்கெட் எடுத்தேன். நாடகத்தின் பெயர் வேண்டாம். தவறு அவர்களுடையது அல்ல, என்னுடையது. முதல் பாதி முழுவதும் வராதவரின் குரலையே மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர் எப்படிப் பாடினார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆகவே ஒருவரைக் குறிவைத்துப் போகிறீர்கள் என்றால், மாதத்தைப் பார்ப்பதற்கு முன் கிழமையைப் பாருங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் அந்தக் கணக்கும் நிற்காது. காட்சி அட்டவணை கலைந்து, கூடுதல் காட்சிகள் சேர்ந்து, மாற்று நடிகரின் நாள் இடம் மாறும். குளிர்காலம் என்பதால் தொண்டைக்கட்டும் சேர்ந்துகொள்ளும். ஊரிலிருந்து போகும் நம்மவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் விடுமுறையை ஒட்டி அந்த வாரத்தில்தான் போய் நிற்கிறார்கள்.

குழந்தை வேடங்களில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முயற்சியே வீண். லண்டன் ‘மட்டில்டா’வில் தலைப்பு வேடத்தை நான்கு சிறுமிகள் முறைவைத்து நடித்தார்கள். 2012இல் லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஒலிவியேயில், மியூசிக்கலின் சிறந்த நடிகைக்கான விருதையே நால்வருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். எந்தச் சிறுமி என்றைக்கு என்பது கடைசி நேரத்தில்தான் உறுதியாகும்.

கடைசி நாளுக்கு ஆசைப்படுவது

பெரிய நடிகர் ஒருவர் விலகும் நாளில் அரங்கில் இருக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. பணமும் அதிகம் போகும், ஏமாற்றமும் அதிகம் வரும்.

பிராட்வே ‘விக்கெட்’ நாடகத்தில் எல்ஃபபா என்ற சூனியக்காரி வேடத்தை முதலில் ஏற்றவர் இடீனா மென்ஸல். அவருடைய கடைசிக் காட்சி 2005 ஜனவரி 9 என்று குறித்திருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் மேட்னியில், சூனியக்காரி உருகி மறையும் கட்டத்தில், மேடையின் பொறிக்கதவு வழியே விழுந்து அவருடைய விலா எலும்பு முறிந்தது. மறுநாள் அந்த வேடத்தில் வந்தவர் ஷோஷானா பீன். மென்ஸல் சிவப்பு டிராக் சூட்டில் இறுதிக் கட்டத்துக்கு மட்டும் மேடைக்கு வந்தார். அரங்கம் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டியது. அங்கிருந்தவர்களுக்கு அது வாழ்நாள் நினைவாக இருக்கலாம். ஆனால் அவர் பாடுவதைக் கேட்க வேண்டும் என்று காசு சேர்த்து வந்தவர்கள் அதைக் கேட்கவில்லை.

‘ஹாமில்டன்’ நாடகத்திலிருந்து லின் மானுவல் மிராண்டா, லெஸ்லி ஓடம் ஜூனியர், ஃபிலிப்பா சூ மூவரும் 2016 ஜூலை 9 அன்று ஒரே இரவில் விலகினார்கள். அந்த இரவின் டிக்கெட் மறுவிற்பனையில் பல ஆயிரம் டாலருக்குப் போனது. இதே நடிகர்களை வைத்து அதற்குச் சில நாள்கள் முன்புதான் நாடகத்தைப் படமாக்கியிருந்தார்கள். 2020 ஜூலையில் அது டிஸ்னி பிளஸில் வந்துவிட்டது. இதை அன்று யாரும் கணித்திருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி நாள் பார்வையாளர்களும் வேறு வகை. ஒவ்வொரு பாத்திரம் உள்ளே வரும்போதும் ஆரவாரம், பாட்டு முடியும் முன்பே கைதட்டல், மேடையில் இருப்பவர் கண்ணில் நீர். கதை பாதி காதில் விழாது. அதே நாடகத்தை ஏற்கெனவே நான்கு முறை பார்த்தவர்களுக்கு அது திருவிழா. முதல்முறை பார்க்கிறவர் அந்தக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கடைசி வாரங்களில் விடுப்பும் குறுக்கிடும். நடிகர்களும் சம்பளக்காரர்கள்தான், அவர்களுக்கும் விடுமுறை உண்டு.

புதியவர்கள் வந்த முதல் வாரமே ஓடுவது

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இந்த விஷயத்தில் வழக்கம் வேறு. லண்டனின் அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டை ஒட்டி இருப்பதால், குழுவின் பெரும்பகுதி ஒரே நாளில் மாறும். பிராட்வேயில் நெடுநாள் நாடகங்களில் ஒவ்வொருவராக உதிர்வார்கள், ஒவ்வொருவராகச் சேர்வார்கள். ஆகவே லண்டனில் “மாற்றம் எந்த வாரம்?” என்று கேட்பதில் பொருள் இருக்கிறது. நியூயார்க்கில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

புதிதாகச் சேருபவருக்கு மூல இயக்குநர் பல வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் அந்த நாடகத்துக்கென்று இருக்கும் உதவி இயக்குநரும் மேடை மேலாளரும் நடனக் குழுவின் பொறுப்பாளரும்தான் பழக்கிவிடுவார்கள். முழு உடையோடு எல்லோரும் சேர்ந்து ஒத்திகை பார்ப்பது பல சமயம் ஒரே ஒரு முறைதான். முதல் வாரத்தில் அவர் அடியெடுத்து வைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று மாதம் கழித்துப் போனால் வேடம் உடம்பில் ஊறியிருக்கும், ஆனால் அலுத்திருக்காது. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல காலம். அந்த வாரங்களைக் கொண்டாடி யாரும் விளம்பரம் செய்வதில்லை என்பதால் டிக்கெட் விலையும் சற்று இறங்கியிருக்கும்.

துண்டுத்தாளைக் கண்டு முகம் சுளிப்பது

மாற்று ஆள்களிலும் வகை உண்டு. குழுவில் சிறு வேடத்தில் நடித்துக்கொண்டே பெரிய வேடத்தையும் கற்று வைத்திருப்பவர் அண்டர்ஸ்டடி. மேடைக்கு வராமல், தேவைப்பட்டால் பெரிய வேடத்துக்கு மட்டும் ஆயத்தமாகக் காத்திருப்பவர் ஸ்டாண்ட்பை. குழுவில் யார் விடுப்பு எடுத்தாலும் அவர் இடத்தில் நுழைய, பத்துப் பேரின் அசைவையும் தலைக்குள் வைத்திருப்பவர் ஸ்விங். கடைசியாகச் சொன்ன வேலையைப் போலக் கடினமானது மேடையில் வேறு இல்லை என்பது என் கட்சி.

2021 டிசம்பரில் பிராட்வே ‘தி மியூசிக் மேன்’ நாடகத்தின் நாயகி சட்டன் ஃபாஸ்டருக்கு உடல்நலமில்லாமல் போனது. அவருடைய மேரியன் வேடத்தை ஏற்ற ஸ்விங் கேத்தி வாய்ட்கோவுக்கு, அந்த வேடத்துக்கான முதல் ஒத்திகையே அன்று மதியம் ஒரு மணிக்குத்தான் நடந்தது. மாலையில் மேடை. முடிவில் நாயகன் ஹியூ ஜாக்மன் அவரை முன்னே நிறுத்தி, இப்படிப்பட்டவர்கள்தான் பிராட்வேயின் அடித்தளம் என்று பேசினார்.

இன்னும் பின்னால் போனால், 1954இல் ‘பஜாமா கேம்’ நாடகத்தில் கேரல் ஹேனிக்குக் கணுக்கால் அடிபட, அண்டர்ஸ்டடியாக மேடையேறிய பெண் ஷெர்லி மெக்லேன். அவரைப் பார்த்த திரைப்படத் தயாரிப்பாளர் ஒருவர் அப்படியே ஹாலிவுட்டுக்கு அழைத்துப் போனார். 2015 ஜூலையில் ஒபாமா ‘ஹாமில்டன்’ பார்க்க வந்த மேட்னியிலும் தலைப்பு வேடத்தில் இருந்தவர் மிராண்டா அல்ல, அவருடைய மாற்று ஹவியேர் முன்யோஸ். அதிபருக்கே அதுதான் கிடைத்தது, அவர் ஒன்றும் எழுந்து போய்விடவில்லை.

எழுந்து போவது பற்றி ஒரு வார்த்தை. ஆள் மாறினால் பணம் திரும்பும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிராட்வேயில், நாடகத்தின் தலைப்புக்கு மேலே பெயர் அச்சிடப்பட்ட நட்சத்திரம் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோ வேறு தேதிக்கு மாற்றுவதோ வழக்கம். அதையும் திரை ஏறுவதற்கு முன் கேட்க வேண்டும். நெடுநாள் ஓடும் நாடகங்களில் பெரும்பாலும் தலைப்புக்கு மேலே யார் பெயரும் இருப்பதில்லை. அங்கே நட்சத்திரம் நாடகமே. லண்டன் டிக்கெட்டுகளில் நடிகர்கள் மாறலாம் என்ற வரி பொதுவாகவே இருக்கும்.

நட்சத்திரத்துக்காக ‘சிகாகோ’

‘சிகாகோ’ நாடகம் பிரபலங்களை அழைத்து அழைத்தே காலம் தள்ளுகிறது என்று குறை சொல்வார்கள். அது பாதி உண்மை. அதன் இரு நாயகியர் ராக்ஸி, வெல்மா. 2022 வசந்தத்தில் நடிகை பமேலா ஆண்டர்சன் எட்டு வாரம் ராக்ஸியாக வந்தார். இப்படி வருகிறவர்கள் சில வாரம்தான் இருப்பார்கள். விற்பனை மந்தமாக இருக்கும் மாதங்களில் இத்தகைய அறிவிப்புகள் அதிகம். பிரபலத்தைப் பார்ப்பதே நோக்கம் என்றால் தாராளமாகப் போகலாம். நாடகத்துக்காகப் போகிறவர்கள் ராக்ஸியை விட்டுவிட்டு, அந்த மாதம் வெல்மா யார் என்று பாருங்கள். தேர்ந்த நடனக்காரர் இல்லாமல் அந்த வேடம் நிற்காது, மாலையின் எடையும் அவர் தோளில்தான்.

இசைத்தட்டைக் காதில் வைத்துக்கொண்டே போவது

முகமூடி அணிந்த ஃபேன்டம் வேடத்தை முதலில் ஏற்ற மைக்கேல் கிராஃபோர்டின் 1986 குரலைப் பதிவில் கேட்டு வளர்ந்தவர் எந்த ஃபேன்டத்தைப் பார்த்தாலும் “அவர் மாதிரி இல்லை” என்பார். பிராட்வேயில் அந்த முகமூடியை மிக அதிக முறை, 2,544 காட்சிகளில், அணிந்தவர் ஹோவர்ட் மெக்கிலின். முதல் குழுவில் அவர் இல்லவே இல்லை. பிராட்வேயின் முதல் கறுப்பின ஃபேன்டமாக நார்ம் லூயிஸ் வந்தது 2014இல், நாடகம் தொடங்கி இருபத்தாறு ஆண்டு கழித்து.

ஆளையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மற்ற மாற்றங்களைக் கவனிப்பதில்லை. லண்டன் ‘லே மிஸெராப்’ நாடகத்தின் புகழ்பெற்ற சுழல்மேடை 2019 ஜூலையோடு போய்விட்டது. இப்போது நடப்பது புதிய மேடையமைப்பு. லண்டன் ‘ஃபேன்டம்’ 2021இல் மறுபடி தொடங்கியபோது இசைக்குழு சிறிதாகியிருந்தது.

நல்ல குழு வரட்டும் என்று காத்திருப்பது

பிராட்வே ‘ஃபேன்டம்’ எப்போதும் இருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2022 செப்டம்பரில் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்ததும் கூட்டம் குவிந்து, பிப்ரவரியில் முடிய வேண்டியதை ஏப்ரல் வரை நீட்டினார்கள். 2023 ஏப்ரல் 16 அன்று 13,981ஆவது காட்சியோடு திரை இறங்கியது. தனக்குப் பிடித்த ஜோடி ஒன்று சேரட்டும் என்று பல ஆண்டு தள்ளிப்போட்டவர்கள், கடைசி வாரங்களில் எட்டாத விலைக்கு, யார் நடிக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் டிக்கெட் வாங்கினார்கள். 2025 மார்ச்சில் அதே நாடகம் மும்பைக்கு வந்தபோது அங்கே ஒரு மாதம்கூட ஓடவில்லை. சுற்றுப்பயணக் குழுவில் பொறுக்கி எடுக்க ஒன்றும் இல்லை, வரும் குழு வந்ததுதான்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். லண்டன் என்றால் குழு மாறி இரண்டு மாதமாவது கடந்த, விடுமுறை இல்லாத ஒரு வாரத்தில், புதன் அல்லது வியாழன் மாலைக்கு எடுக்கிறேன். ஒரு குறிப்பிட்ட குரலுக்காகப் போவதானால் முன்கூட்டியே வாங்குவதில்லை. நடிகர்கள் தாங்கள் வராத நாள்களைச் சமூக வலைத்தளத்தில் முன்பே சொல்லிவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, முதல் நாளோ அன்று காலையோ லெஸ்டர் சதுக்கத்துத் தள்ளுபடிச் சாவடியில் எஞ்சிய டிக்கெட்டை வாங்கிக்கொள்கிறேன். நெடுநாள் நாடகங்களுக்கு வாரநாளில் ஓரிரு இருக்கை பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அதற்குப் பிறகும் அரங்க முகப்பில் உள்ள பலகையில் வேறு பெயர் இருந்தால், உள்ளே போவதற்குள் அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடி, இதற்கு முன் என்னென்ன வேடம் செய்திருக்கிறார் என்று படித்துவிட்டுப் போகிறேன்.