டஸ்ட் 2: எட்டுப் போடத் தெரிந்தால் பாதி ஆட்டம் முடிந்தது

பொங்கல் லீவுக்கு மேலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் பழைய லேப்டாப் நாலை ஒரே ரவுட்டரில் கோத்து, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கி விளையாட்டைப் போட்டு, டஸ்ட் 2 மேப்பில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. பயல் மொபைலில் பெரிய ஆட்டக்காரன், ஆனால் இங்கே ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரே இடத்தில், அதுவும் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே செத்தான். "மாமா, எங்கிட்டு இருந்து சுடுறாய்ங்கன்னே தெரியல" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நடக்கவும் குனியவும் சுடவும் தெரிந்த ஆள், ஆனால் மேப் பிடிபடவில்லை என்றால் இது உங்களுக்குத்தான்.

முதலில் மேப்பை மனதில் வரைந்துகொள்ளுங்கள். ஆர்டிஓ ஆபீஸில் லைசென்ஸுக்கு எட்டுப் போடச் சொல்வார்களே, அந்த எட்டுதான் டஸ்ட் 2. கீழே டெரரிஸ்ட் கிளம்பும் இடம், மேலே போலீஸ் கிளம்பும் இடம். டெரரிஸ்ட் பக்கம் நின்று பார்த்தால் வலது மேல் மூலையில் ஏ சைட், இடது மேல் மூலையில் பி சைட். இந்த இரண்டில் ஒன்றில் டெரரிஸ்ட் பாம் வைக்க வேண்டும், போலீஸ் அதைத் தடுக்க வேண்டும். வலது ஓரமாகச் சுற்றிப் போகும் நீளமான பாதை லாங். இடது ஓரம் இருட்டான டனல். நடுவில் நேராக இறங்கும் சரிவு மிட், அதன் அடியில் கொஞ்சம் திறந்தபடி நிற்கும் ரெட்டைக் கதவு. மிட்டிலிருந்து வலது பக்கம் ஏ சைட்டுக்கு ஏறும் ஒடுங்கிய மேடை ஷார்ட். அதே மிட்டிலிருந்து இடது பக்கம் டனலுக்குள் நுழைய கீழ் டனல் என்று ஒரு வழி. அவ்வளவுதான் மேப்.

இதைச் செய்தவர் டேவ் ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்துக்காரர், வெளிவந்தது 2001 மார்ச்சில். அதற்கு முன்பே அவர் டஸ்ட் என்று ஒன்று செய்திருந்தார், அந்த மணல் நிறமே டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டின் ஆரம்ப காலப் படங்களைப் பார்த்து வந்ததுதான். என்னைக் கேட்டால் முதல் டஸ்ட் போலீஸுக்கு ரொம்பச் சாதகம், இரண்டாவதில்தான் தராசு நேராக நிற்கிறது.

சரி, முதல் வேலை. யாரும் இல்லாமல், பாட் (கம்ப்யூட்டரே ஆடும் ஆள்) கூடப் போடாமல், காலி மேப்பை ஓப்பன் பண்ணுங்கள். கத்தியைக் கையில் எடுங்கள், ஏனென்றால் கத்தி வைத்திருந்தால் வேகமாக ஓட முடியும், ஏகே ரைஃபிள் பிடித்தால் குறையும், பெரிய ஸ்னைப்பர் பிடித்தால் இன்னும் குறையும். டெரரிஸ்ட் பக்கத்திலிருந்து லாங் கதவு வரை ஓடி வாய்விட்டு எண்ணுங்கள். அப்புறம் போலீஸ் பக்கத்திலிருந்து லாங் மூலை வரை. அப்புறம் டனல் வாய், ஷார்ட் படி, மிட் கதவு. இரண்டு பக்கமும் ஓடி எண்ணிப் பார்த்தால்தான் எதிராளி எந்த நொடியில் எங்கே முகம் காட்டுவான் என்பது உடம்பில் ஏறும். பிடிக்காத வேலைதான், அரை மணி நேரம் போகும். அக்கா மகன் ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விட்டான், ஆனால் செய்தான்.

இப்போது அவன் செத்த இடம். போலீஸாகக் கிளம்பி பி சைட்டுக்குப் போக வேண்டுமானால் அந்த ரெட்டைக் கதவுக்கு முன்னால் குறுக்கே கடந்தாக வேண்டும். கதவுகளுக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. சரிவின் உச்சியில், டெரரிஸ்ட் கிளம்பும் இடத்திலேயே நின்றபடி, ஏடபிள்யூபி என்ற அந்தப் பெரிய ஸ்னைப்பர் துப்பாக்கியை அந்த இடைவெளியில் வைத்துக்கொண்டு ஒருத்தன் காத்திருப்பான். காலில் பட்டால்தான் பிழைப்போம், வேறு எங்கே பட்டாலும் ஒரே குண்டு. எங்கள் பிரவுசிங் சென்டரில் அந்தத் துப்பாக்கிக்கு ஆப்பு என்றே பெயர். "மிட்ல ஆப்பு வச்சிருக்கான்டா" என்று ஒருத்தன் கத்தினால் மற்றவன் எல்லாம் பிரேக் போட்டு நிற்போம்.

கடப்பதற்கு நான் சொல்வது இதுதான். கத்தியோடு ஓடுங்கள், நடுவில் நின்று எட்டிப் பார்க்கவே கூடாது. ஒருத்தர் பின்னால் ஒருத்தர் ஒரே தாளத்தில் போகாதீர்கள், முன்னால் போனவனைத் தவறவிட்டவன் அடுத்தவனுக்காக அங்கேயே குறி வைத்திருப்பான். ஆனால் வெடிச் சத்தம் கேட்டதா, அதுதான் உங்கள் நேரம். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்தாக வேண்டிய துப்பாக்கி அது, அடுத்த குண்டு வருவதற்குள் தாராளமாகக் கடந்துவிடலாம். கையில் ஸ்மோக் (புகைக் குண்டு) இருந்தால் கதவடியில் போட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று, கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், அது மரக் கதவு, 1.6ல் குண்டு துளைத்துக்கொண்டு வரும். புதிய பதிப்புகளில் டெரரிஸ்ட் கிளம்பும் இடத்திலிருந்து இந்தப் பார்வையை மறைத்துவிட்டார்கள், எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

நீங்களே டெரரிஸ்ட் என்றால் முதல் ரவுண்டில் ஆப்பு கனவு வேண்டாம். கையில் ஆட்டக் காசு 800 டாலர்தான் இருக்கும், அதன் விலை 4750. முதல் ரவுண்டில் 650க்குக் கவசம் வாங்கிக்கொண்டு க்ளாக் கைத்துப்பாக்கியோடு எல்லாரும் ஒரே பக்கம் பாய்வதுதான் சின்னப் பயல்கள் கூட்டத்துக்கு நல்லது. ஏகே 2500, போலீஸ் பக்கம் எம்4 3100. பி எழுத்தை அழுத்தி 4, 2 என்றால் ஏகே. பி, 4, 3 என்றால் எம்4. முக்கியமாக, 1.6ல் குண்டு தனியாக வாங்க வேண்டும், கமா பட்டனை அழுத்தினால் பெரிய துப்பாக்கிக்கு, புள்ளி பட்டனை அழுத்தினால் கைத்துப்பாக்கிக்கு. எனக்கு இது தெரியாமல் முதல் ஒரு வாரம் பாதிச் சண்டையில் டிக் டிக் என்று வெறும் சத்தம்தான் வந்தது. பக்கத்து சீட் அண்ணன் பார்த்துப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல் என் கீபோர்டில் கையை நீட்டி அழுத்திக் காட்டினார்.

லாங் பற்றி. டெரரிஸ்ட் பக்கம் லாங்கில் இரண்டு கதவு, நடுவே சின்ன அறை. இரண்டாவது கதவைத் தாண்டும் நொடியில்தான் ஆபத்து. இடது பக்கம் நீளமாக ஏ சைட் வரை திறந்த வெளி, வலது பக்கம் ஒரு பள்ளம். நிறையப் பேர் இடது பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வெளியே வந்து பள்ளத்தில் பதுங்கி இருப்பவனிடம் முதுகைக் கொடுப்பார்கள். அதனால் இரண்டு பேராகப் போங்கள். முதல் ஆள் ஃப்ளாஷை (கண்ணைக் கூச வைக்கும் குண்டு) வெளியே எறிந்துவிட்டு இடது பக்கம் பார்க்க, இரண்டாவது ஆள் கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கம் திரும்ப வேண்டும். பள்ளம் உங்கள் கைக்கு வந்துவிட்டால் அங்கிருந்தே ஏ சைட் ஏற்றம் தெரியும், அவசரப்படாமல் ஒவ்வொருத்தனாகத் தூக்கலாம். லாங் பிடிபடாத நாளில் ஷார்ட்டில் ஏறுங்கள், வழி சின்னது, அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

பி சைட் வேறு மாதிரி. டனல் வாய் சின்னது, உள்ளே இரண்டு பேர் இருந்தாலே ஐந்து பேரை மறிக்கலாம். எல்லாரும் டனலில் வரிசை கட்டினால் ரேஷன் கடை க்யூவில் குண்டு எறிந்த கதைதான், ஒரு கிரனேடில் பாதி உயிர் எல்லாருக்கும் போய்விடும். ஒருத்தன் மட்டும் மிட் வழியாகக் கதவைத் தாண்டி, சைட்டுக்கு வலது பக்கம் இருக்கும் ஜன்னலுக்கு வரட்டும். அவன் சுட ஆரம்பித்ததும் டனலில் இருப்பவர்கள் பாயுங்கள். உள்ளே இருப்பவன் எந்தப் பக்கம் திரும்புவான்?

காலடிச் சத்தம்தான் அடுத்தது. டனலில் ஓடினால் சைட்டில் இருப்பவனுக்குக் கேட்கும். கடைசித் திருப்பத்திலிருந்து ஷிஃப்ட் பிடித்து நடங்கள். எங்கள் சென்டரில் ஹெட்போன் பாதி உடைந்திருக்கும், ஒரு காதில் மட்டும் கேட்கும், அதனால் வலது பக்கம் வருகிறவன் எப்போதும் எனக்கு இடது பக்கம் வந்தான். இப்போது நூறு இருநூறு ரூபாய் ஹெட்போன் போதும், இரண்டு காதும் வேலை செய்தால் சரி. பக்கத்து ஸ்கிரீனை எட்டிப் பார்ப்பது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, எல்லாரும் செய்ததுதான்.

நாலு பேர்தான் இருக்கிறீர்கள், இரண்டுக்கு இரண்டு ஆடுகிறீர்கள் என்றால் போலீஸ் பக்கம் ஒருத்தன் ஷார்ட்டில், ஒருத்தன் பி சைட்டில். ஷார்ட்டில் நிற்பவனால் மிட்டையும் பார்க்க முடியும், லாங் கதவுப் பக்கம் சத்தம் வந்தால் ஏ சைட்டுக்குப் பின்வாங்கவும் முடியும். லாங்கின் உள்ளே போய் ஒருத்தனை நிறுத்துவது வீண், அவன் செத்துவிட்டால் ஏ சைட் திறந்த வீடு.

பாம் வைத்த பிறகு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் பழக்கத்தை விடுங்கள். சர்வரில் மாற்றாமல் விட்டால் வெடிக்க 45 விநாடி, போட்டிகளில் 35. செயலிழக்கச் செய்ய 10 விநாடி பிடிக்கும், 200 டாலர் கிட் இருந்தால் 5. ஏ சைட்டில் வைத்தால் அந்தப் பள்ளத்துக்கே திரும்பிப் போய், பாம் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி வைக்கும்போதே இடம் பார்த்து வையுங்கள். பி சைட்டில் வைத்தால் டனலுக்குள். போலீஸ்காரன் தொடும் சத்தம் கேட்டதும் உடனே பாயாதீர்கள், கெட்டிக்காரன் தொட்டுவிட்டு விடுவான், நீங்கள் தலை காட்டுவதற்காக. சத்தம் வந்ததும் மூன்று எண்ணுங்கள், அப்புறம் போங்கள். கையை எடுத்தால் அவன் மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.