மழை மாதங்களில் காரை ஷெட்டில் நிறுத்தி வைப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் சென்னை வீட்டைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். காரை ஷெட்டில் விட்டு, கவர் போட்டு, ஷட்டரை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துக் கதவைத் திறந்தால் சீட் பெல்ட்டில் பூஞ்சை, ஸ்டியரிங்கில் பிசுபிசுப்பு, உள்ளே ஒரே முடை நாற்றம். ஒரு சொட்டு மழைகூடப் பட்டிருக்காது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழியில்லாததுதான் காரணம்.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பில் துரு வேகமாகப் பிடிக்கும். 70-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் துணியிலும் தோலிலும் பூஞ்சை வரும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னையில் 80-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். கடற்கரை ஓரமாக இருந்தால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

1. முதலில் இடத்தைப் பாருங்கள்

உங்கள் பார்க்கிங் பேஸ்மென்ட்டில் இருக்கிறதா, தாழ்வான தெருவில் இருக்கிறதா? அப்படியானால் மேட்டில் உள்ள உறவினர் வீட்டுக்கு வண்டியை மாற்றிவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்கள் ஏராளம். கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அது அனுபவம் கற்றுக்கொடுத்தது.

அடுத்தது தரை. சிமென்ட் தரை காய்ந்தது போலத் தெரிந்தாலும் மண்ணின் ஈரம் அதன் வழியாக மேலே வரும். இரண்டடிச் சதுர பாலிதீன் துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், கார் நிற்கும் பரப்பு முழுக்கக் கனமான பாலிதீன் ஷீட் விரித்த பிறகே வண்டியை ஏற்ற வேண்டும்.

2. கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்

பாலிஷை விட வண்டியின் அடிப்பாகம்தான் முக்கியம். கடலோரச் சாலையான ஈசிஆர் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் வீல் ஆர்ச்சுக்குள் (சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு) நல்ல தண்ணீர் பீய்ச்சி உப்பைக் கழுவ வேண்டும். பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கதவின் கீழ் விளிம்பிலும் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். மண்ணும் காய்ந்த வேப்பிலையும் அதை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். ஒரு ஈர்க்குச்சி விட்டுக் குத்தினால் போதும், சேற்றுத் தண்ணீர் ஒழுகுவதைப் பார்க்கலாம். வைப்பர் அடியில் சேர்ந்த சருகையும் அள்ளி எறியுங்கள்.

அப்புறம் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிரேக் டிஸ்க் காயும், சைலன்சருக்குள் இருக்கும் நீரும் ஆவியாகும். கடைசிப் பத்து நிமிடம் ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஏசி காயிலில் தங்கும் ஈரம்தான் பாதி நாற்றத்துக்குக் காரணம்.

3. உள்ளே

கால்மிதி மேட்டுகளை எடுத்துவிடுங்கள். பிஸ்கட் துணுக்கு, டிஷ்யூ, பழைய செய்தித்தாள் எதுவும் இருக்கக் கூடாது. எலிக்கு அதுவே அழைப்பு. ஈரம் உறிஞ்ச, நிறம் மாறும் சிலிகா ஜெல் பைகளை சீட்டுக்கு அடியில் வையுங்கள். கடையில் டப்பாவில் கிடைக்கும் கால்சியம் குளோரைடும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது உறிஞ்சிய ஈரம் உப்புநீராகத் தேங்கும், கொட்டினால் தரைத் தகடே துருப்பிடிக்கும். ஆள் இல்லாத காரில் அது வேண்டாம் என்பேன்.

4. ஹேண்ட் பிரேக், டயர், டேங்க், பேட்டரி

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் ஷூ ஈரத்தில் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோ செங்கல்லோ வையுங்கள். டயரில் காற்றழுத்தத்தை வழக்கத்தை விட 3 முதல் 5 பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளலாம்.

பெட்ரோல் டேங்கை நிரப்பிவிடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். டேங்க் நிறைந்திருந்தால் ஈரக்காற்றுக்கு உள்ளே இடம் குறைவு.

பேட்டரியில் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

"வாரம் ஒருமுறை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுப்பது நல்லதல்ல. எஞ்சின் முழுதாகச் சூடாகாமல் அணைத்தால் ஆயிலிலும் சைலன்சரிலும் நீர்தான் சேரும். அரை மணி நேரம் ஓட்ட ஆள் இருந்தால், பேட்டரியைக் கழற்றாமல் விட்டுப் போங்கள், ஓட்டட்டும். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

5. கவரும் காற்றும்

பிளாஸ்டிக் கவர், தார்ப்பாய் இரண்டும் கூடாது. கூரை இருக்கும் ஷெட்டில் தூசிக்கு ஒரு பழைய பருத்திப் போர்வை போதும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், வெயில் அடிக்கும் நாளில் மதியம் 12 முதல் 3 மணி வரை ஷட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். மழை நாளில் திறக்க வேண்டாம், வெளிக்காற்றில்தான் ஈரம் அதிகம். காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியுமிடிஃபையர் வாங்கும் யோசனை இருந்தால், நான்கு பக்கமும் அடைபட்ட ஷெட்டுக்கு மட்டும் வாங்குங்கள். கிரில் கேட் போட்ட போர்ட்டிகோவில் அது தெருக்காற்றை உலர்த்திக்கொண்டிருக்கும்.

திரும்பி வந்ததும்

சாவியைத் திருகுவதற்கு முன் பானெட்டைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா, வயர் கடிபட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரியை மாட்டி, டயர் காற்றைச் சரிபார்த்து, தெருவுக்குள்ளேயே மெதுவாக நான்கைந்து முறை பிரேக் பிடியுங்கள். டிஸ்க்கில் மேலாகப் படிந்த துரு அதிலேயே போய்விடும். அதற்கப்புறமும் கரகரவென்று சத்தம் வந்தால் நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.