எடை குறையாத ஹாம்ஸ்டரை நம்பலாமா? தடுப்பூசிச் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய கொரோனா திரிபு ஒன்று தலைகாட்டியதும் எல்லோரும் கேட்பது, ஏற்கெனவே போட்ட தடுப்பூசி இதற்கும் உதவுமா என்பதைத்தான். மனிதர்களிடமிருந்து தெளிவான பதில் வர மாதங்கள் ஆகும். அதற்குள் ஒரு கணிப்பு வேண்டும் என்பதால் எலி, ஹாம்ஸ்டர், ரீசஸ் குரங்கு போன்றவற்றுக்குத் தடுப்பூசி போட்டு, சில வாரம் கழித்து வைரஸை மூக்கு வழியாகச் செலுத்திப் பார்க்கிறார்கள். செய்முறை புரிந்துகொள்ள எளிதுதான், முடிவைப் படிப்பதில்தான் சறுக்கல். வைரஸ் மட்டும் மாறுகிறது, விலங்கு மாறாத அளவுகோலாக அப்படியே நிற்கிறது என்று நினைத்துக்கொள்வதிலிருந்தே பல தவறுகள் கிளைக்கின்றன.

எலியையே எடுத்துக்கொள்வோம். 2020 தொடக்கத்தில் பரவிய வைரஸால் சாதாரண ஆய்வக எலியைத் தொற்ற முடியவில்லை. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஏசிஇ2. எலியின் ஏசிஇ2-வில் வைரஸின் ஸ்பைக் (மேற்பரப்பிலுள்ள முள் போன்ற புரதம்) சரியாக ஒட்டாது. அதனால் மனித ஏசிஇ2 மரபணுவைச் சேர்த்த கே18 எலிகள் தேவைப்பட்டன (இவை 2007-ல், பழைய சார்ஸ் வைரஸை ஆராய உருவாக்கப்பட்டவை). பிறகு ஆல்பா, பீட்டா, காமா வந்தன. மூன்றின் ஸ்பைக்கிலும் இருந்த என்501ஒய் என்ற மாற்றம் சாதாரண எலிக்குள்ளும் நுழைய வழிவிட்டது. அடுத்துப் பரவிய டெல்டாவில் அந்த மாற்றம் இல்லை, ஒமைக்ரானில் மறுபடியும் இருந்தது. சாதாரண எலிகளில் பீட்டாவையும் டெல்டாவையும் விட்டுப் பார்த்து, டெல்டாவைத் தடுப்பூசி பிரமாதமாகத் தடுக்கிறது என்று ஒருவர் எழுதினால், அங்கே தடுத்தது தடுப்பூசி அல்ல, எலியின் உடலமைப்பு.

சரி, கே18 எலியை வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததா? அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இந்த எலிகளில் வைரஸ் மூளைக்குள்ளும் பரவுகிறது, பல எலிகள் சாவது அதனால்தான். மனிதர்களில் கோவிட் அப்படிக் கொல்வதில்லை. எனவே 'தடுப்பூசி போட்ட எலிகள் அனைத்தும் பிழைத்தன' என்ற வரியைப் பார்த்ததும் நுரையீரல் தப்பியது என்று முடிவுகட்ட வேண்டாம். நுரையீரலில் எவ்வளவு வைரஸ் இருந்தது என்ற அட்டவணையைத் தேடிப் பாருங்கள்.

ஹாம்ஸ்டரின் கதை இன்னும் சுவையானது. தொடக்க கால வைரஸும் டெல்டாவும் தொற்றினால் ஹாம்ஸ்டர் முதல் வாரத்தில் நன்றாக எடை இழக்கும், அப்புறம் தேறிவிடும். தராசு ஒன்றிருந்தால் போதும் என்பதால் எடையே தடுப்பூசியின் மதிப்பெண்ணாகிவிட்டது. 2021 நவம்பரில் ஒமைக்ரான் கண்டறியப்பட்டது. அதன் முதல் வடிவம் தொற்றிய ஹாம்ஸ்டர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, தடுப்பூசி போடாதவற்றுக்கும்தான். ஒப்பீட்டுக் குழுவுக்கே நோய் வராதபோது, தடுப்பூசி போட்ட குழு ஆரோக்கியமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. ஒரு கட்டுரையில் தடுப்பூசி போடாத விலங்குகளின் கோட்டை முதலில் பார்க்காமல் மற்ற வரைபடங்களுக்குப் போவதை நேர விரயம் என்றே சொல்வேன்.

இதோடு சேர்ந்தே வரும் தவறு, செலுத்தும் வைரஸின் தரத்தைச் சரிபார்க்காமல் விடுவது. வைரஸைப் பெருக்க அதிகம் பயன்படும் வேரோ செல்களில் (குரங்கின் சிறுநீரகச் செல்கள்) திரும்பத் திரும்ப வளர்த்தால், ஸ்பைக்கிலுள்ள ஃபியூரின் வெட்டுமிடத்தை, அதாவது ஃபியூரின் என்ற நொதி வெட்டி வைரஸ் நுழைய உதவும் இடத்தை, அது இழந்துவிடுவதுண்டு. அந்த வைரஸ் ஹாம்ஸ்டரிடம் சாதுவாக நடந்துகொள்ளும். திரிபே பலவீனமானது என்றோ தடுப்பூசி அபாரம் என்றோ எழுதிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. ஸ்பைக்கை வெட்டி வைரஸை உள்ளே விடும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 நொதியைக் கொண்ட செல்களில் வளர்ப்பதும், விலங்குக்குச் செலுத்தும் அதே தொகுதியை மரபணு வரிசைப்படுத்திப் பார்ப்பதும் இதற்கான மருந்து.

அளவிடுவதிலும் ஏமாறலாம். மூக்கில் லட்சக்கணக்கில் வைரஸை ஊற்றிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பிசிஆர் எடுத்தால், நாம் ஊற்றியதன் மிச்சமும் சேர்ந்தே எண்ணப்படும். செல்லுக்குள் வைரஸ் பெருகும்போது உருவாகும் துணை மரபணு ஆர்என்ஏ-வை அளப்பதும், உயிருள்ள வைரஸை வளர்த்துப் பார்ப்பதும் அதனால்தான். மூக்கையும் நுரையீரலையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். 2020-ல் ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசி போட்ட ரீசஸ் குரங்குகளுக்கு நிமோனியா வரவில்லை. ஆனால் மூக்கிலிருந்த வைரஸ் ஆர்என்ஏ-வில் போடாத குரங்குகளோடு வேறுபாடு தெரியவில்லை. தடுப்பூசி தோற்றது என்று சிலர் அப்போதே தீர்ப்பெழுதினார்கள். கடும் நோயைத் தடுப்பதும் தொற்றையே தடுப்பதும் இரண்டு வேறு கேள்விகள். அந்தக் குரங்குகளுக்கு மூக்கு, வாய், கண், மூச்சுக்குழாய் என நான்கு வழியாகவும் வைரஸ் செலுத்தப்பட்டது. எந்த மனிதருக்கும் அப்படித் தொற்றுவதில்லை.

எப்போது சோதிக்கிறோம் என்பதற்கு வருவோம். எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. பல ஆய்வுகளில் கடைசி ஊசி போட்டுச் சில வாரங்களிலேயே, அதாவது ஆன்டிபாடி உச்சத்தில் இருக்கும்போதே, வைரஸைச் செலுத்திவிடுகிறார்கள். மக்களில் பலருக்குத் தொற்று வருவதோ ஊசி போட்டு மாதக்கணக்கில் ஆன பிறகு. மாடர்னா தடுப்பூசி போட்ட ரீசஸ் குரங்குகளை ஒரு ஆய்வில் ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வைத்தார்கள். டெல்டாவைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி அளவு 6-வது வாரத்தில் 280 ஆக இருந்தது, 48-வது வாரத்தில் 34 ஆக இறங்கியிருந்தது. அந்த நிலையில் டெல்டாவைச் செலுத்தியபோது, நான்காம் நாளில் நுரையீரல் மாதிரியில் துணை மரபணு ஆர்என்ஏ ஒப்பீட்டுக் குழுவைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு குறைவு, உயிருள்ள வைரஸை வளர்க்கவும் முடியவில்லை. மூக்கிலோ பத்து மடங்கு மட்டுமே குறைவு, அங்கே வைரஸ் உயிரோடும் இருந்தது. 6-வது வாரத்தில் மட்டும் சோதித்திருந்தால் இந்தச் சித்திரம் கிடைத்திருக்காது. இரத்தத்திலுள்ள ஆன்டிபாடி எண்ணை மட்டும் பார்த்து, பாதுகாப்பு போய்விட்டது என்று சொல்வதும் தவறு என்பது இதிலேயே தெரிகிறது. நினைவு செல்கள் விழித்தெழ நேரம் கிடைத்தால் நுரையீரலைக் காப்பாற்றிவிடுகின்றன.

மருந்தளவையும் கவனியுங்கள். மாடர்னாவின் முதல் தடுப்பூசி பெரியவர்களுக்கு 100 மைக்ரோகிராம். சுமார் 20 கிராம் எடையுள்ள எலிக்கு ஆய்வில் 5 மைக்ரோகிராம் வரை போட்டிருக்கிறார்கள். தடுப்பூசி அளவை எடைக்கு நேராகக் கணக்கிட முடியாதுதான், இருந்தாலும் அது எலிக்குத் தாராளம். 0.1 மைக்ரோகிராம் மட்டும் பெற்ற எலிகளில்தான் ஒமைக்ரானிடம் தடுப்பூசி தடுமாறுவது நன்றாகத் தெரிந்தது.

இன்னொன்று, முன்பு ஊசியோ தொற்றோ காணாத விலங்கு. திரிபுக்கென்றே செய்த புதிய தடுப்பூசியை அப்படிப்பட்ட எலிக்கு முதல் ஊசியாகப் போட்டால், அந்தத் திரிபுக்கு எதிராக அட்டகாசமான எண்கள் வரும். ஆனால் 2022-ல் உலகில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஊசி போட்டவர்கள் அல்லது தொற்று கண்டவர்கள். அவர்களைப் போன்ற விலங்கு வேண்டுமென்றால் முதலில் பழைய தடுப்பூசியைப் போட்டு, மாதங்கள் விட்டு, பிறகு பூஸ்டர் கொடுக்க வேண்டும். ரீசஸ் குரங்குகளில் அப்படிச் செய்து 41-வது வாரத்தில் பூஸ்டர் போட்டபோது, ஒமைக்ரானுக்கு எதிரான ஆன்டிபாடி அளவு பழைய தடுப்பூசியில் 2,980, ஒமைக்ரானுக்கான தடுப்பூசியில் 1,930. புதியதே மேல் என்ற எதிர்பார்ப்பு அங்கே பலிக்கவில்லை. இரண்டு பூஸ்டரும் நுரையீரலை ஒரே மாதிரி காத்தன.

ஒரே கூண்டில் இருக்கும் ஹாம்ஸ்டர்கள் ஒன்றுக்கொன்று வைரஸைக் கடத்திக்கொள்ளும் என்பதை மறப்பது, எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரிந்துகொண்டே நுரையீரல் சேதத்துக்கு மதிப்பெண் போடுவது போன்றவை பாடப்புத்தகத் தவறுகள். விரிக்கத் தேவையில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. 2022 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா ஒமைக்ரானின் கிளைகளான பிஏ.4, பிஏ.5 திரிபுகளுக்கான பூஸ்டர்களை அனுமதித்தபோது, வெறும் 8 எலிகளில் சோதித்த தடுப்பூசி என்ற பேச்சு பரவியது. அந்த முடிவுக்கு எலித் தரவு ஒரு பகுதிதான். பழைய தடுப்பூசியின் பாதுகாப்பு அனுபவமும், அதே முறையில் ஒமைக்ரானின் முதல் வடிவமான பிஏ.1-க்காகச் செய்யப்பட்ட தடுப்பூசியை மனிதர்களில் சோதித்த தரவும் கூடவே இருந்தன. புதிய ஸ்பைக்குக்கு எதிராக ஆன்டிபாடி உயருமா என்ற கேள்விக்கு எலிகள் பதில் சொல்லும். அந்தப் பாதுகாப்பு ஒரு மனிதருக்கு எத்தனை மாதம் நிற்கும் என்று அவற்றிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.