வாளியில் போடுமுன் ஓட்டின் உதட்டைப் பாருங்கள்

இரத்தினபுரிப் பக்கம் எங்கள் வீட்டுத்தோட்டம். மழை விட்ட இரவுகளில், பயிரைத் தின்னும் ஆபிரிக்க நத்தை பொறுக்குவது என் வேலை. முதல் வருஷம் கண்ணில் பட்டதையெல்லாம் உப்புத்தண்ணீர் வாளிக்குள் போட்டேன். காலையில் பார்த்தால் நான்கு ஓடுகள் வேறுமாதிரி. உயரத்தைவிட அகலம் கூட. ஓட்டின் உதடு, அதாவது வாய்விளிம்பு, தடித்து, வெளிப்பக்கம் மடிந்து, சிவந்திருந்தது. அக்காவஸ்! இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மரநத்தை. அன்று பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை.

ஆபிரிக்க நத்தையின் ஓடு கூம்பு மாதிரி நீண்டு நுனி கூராக இருக்கும், மண்ணிறக் கீற்றுகள் ஓடும், வாய்விளிம்பு மெல்லியது. அக்காவஸ் குஞ்சுக்கும் உதடு தடித்திராது. அதனால் சின்னதென்றால் உதட்டை நம்பாமல் உருவத்தைப் பாருங்கள். மரத்தண்டில் ஒட்டியிருக்கும் உருண்டை நத்தையைத் தொடவே வேண்டாம். அது தின்பது பட்டையிலுள்ள பாசியையும் பூஞ்சணத்தையும். உங்கள் கத்தரிக்கன்றை அல்ல.

பொழுதுபட நனைந்த சாக்கை விரித்து, அடியில் பப்பாசி இலையும் கோவா இலையும் வையுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு டோர்ச்சோடு போனால் கூட்டமாக ஒட்டியிருக்கும். வெறுங்கையால் எடுக்கவே கூடாது: எலி நுரையீரல் புழுவின் குடம்பிகள் இவற்றில் இருக்கலாம், மனித மூளையுறை அழற்சிக்கு அதுவும் ஒரு காரணம். கையுறை போடுங்கள், தோட்டத்துக் கீரையை நன்றாகக் கழுவுங்கள். செறிந்த உப்புநீரில் போட்டுச் செத்தபின் ஆழப் புதையுங்கள். உப்பை மண்ணில் தூவினால் கன்றுதான் கருகும். நத்தைக்கொல்லிக் குளிசை நான் வாங்குவதில்லை. அதற்கு அக்காவஸும் ஒன்றுதான், ஆபிரிக்கனும் ஒன்றுதான். நாய் தின்றாலும் ஆபத்து.

முட்டையை விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஈரமண்ணைக் கிளறினால் மிளகளவில் வெளிர்மஞ்சள் மணிகள் குவியலாகக் கிடக்கும். ஒரு குவியலில் நூற்றுக்கு மேல்கூட இருக்கும். நசுக்கிவிடுங்கள். அக்காவஸ் இடுவதோ பெரிய முட்டைகள், அதுவும் ஒரு சிலதான். பெரிதாகக் கண்டால் மண்ணால் மூடிவிடுங்கள். வெயில் காலத்தில் ஆபிரிக்க நத்தை வாயை வெள்ளைச் சவ்வால் மூடிக் கல்லிடுக்கில் உறங்கும். அப்போது தேடினால் அடுத்த மழைக்குப் பாதி வேலை குறையும்.

நத்தை தின்னும் நத்தையைக் கொண்டுவந்து விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஹவாயில் 1955இல் அப்படித்தான் விட்டார்கள். அது அந்தத் தீவுகளின் சொந்த நத்தைகளில் பலவற்றைத் தின்று தீர்த்தது.

சாக்கில் தவறி அக்காவஸ் வந்திருந்தால், அருகிலுள்ள மரத்தின் நிழற்பக்கத் தண்டில், பாதம் பட்டையில் படும்படி வையுங்கள். இழுத்துப் பிடுங்காதீர்கள், அதுவாகவே ஏறிவிடும்.