தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போகிறீர்களா? இரண்டு நாள் முந்திப் போங்கள்

பிள்ளைகளோடு முதல்தரம் பொங்கலுக்குப் போனபோது கொழும்பில் இரவு பஸ் ஏறி, பொங்கலன்று விடியத்தான் ஊரில் இறங்கினோம். கொஞ்ச நேரம் சரிந்துவிட்டு எழும்புவோம் என்று படுத்ததுதான், சீனவெடிச் சத்தத்தில் கண் முழித்தால் பானை பொங்கி முடிந்திருந்தது. அவ்வளவு காசு செலவழித்துப் போய் ஆறின புக்கை, அதாவது ஆறின பொங்கல் சோறு, சாப்பிட்டு வந்த கதை இது.

முதலில் திகதி. 2024இல் பொங்கல் ஜனவரி 15, 2025இல் 14. டிக்கெட் போட முதல் பாருங்கள். பொங்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் இன்னொன்று, ஆகவே தங்கும் வீட்டில் எது பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இன்னொன்றும் நாசூக்காக விசாரியுங்கள். அந்த வருஷம் செத்த வீடென்றால் பொதுவாகப் பொங்க மாட்டார்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் சந்தைக்கு நீங்களும் போங்கள், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியோ சுன்னாகமோ எது கிட்டவோ அது. புதுப்பானை, கரும்பு, இலையோடு இஞ்சி மஞ்சள், வாழைப்பழம் என்று தூக்கிக்கொண்டு வர ஆள் தேவைப்படும். சொக்லேட் பெட்டியை நீட்டுவதைவிட இந்தச் சாமானுக்கு நீங்கள் காசு கொடுப்பது நல்லது, அதுவும் தங்கும் வீட்டு மாமி பார்க்காத நேரத்தில்.

விடிய எழும்பித் தோய்ந்துவிட்டு முற்றத்துக்கு வாருங்கள். பழைய பருத்தி உடுப்புப் போதும், தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் எரிகிற புகை பட்டுச்சேலை பார்க்காது. கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, மூன்று கல்லில் பானையை ஏற்றுவார்கள். பால் பொங்கி வழியும்போது வெடி கொளுத்துவார்கள், சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். அப்புறம் வீட்டுக்குப் பெரியவர் பச்சையரிசியை இரண்டு கையாலும் அள்ளி மூன்று தரம் போடுவார், பிறகு மற்றவர்கள். இந்த நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நீங்களும் பிள்ளைகளும் ஒரு கை அள்ளிப் போடுங்கள்.

புக்கை பழகவேண்டுமென்றால் அங்கேயே நின்று பாருங்கள். அரிசியோடு வறுத்துக் கோது நீக்கின பயறு போகும், அரிசி நாலு பங்கென்றால் பயறு ஒரு பங்கு. அரிசி நன்றாக அவிந்த பிறகுதான் சர்க்கரையும் (வெல்லம்தான், வெள்ளைச் சீனியல்ல) முதல் தேங்காய்ப்பாலும். முந்திப் போட்டால் அரிசி விறைத்துப்போகும், லண்டனில் நான் மூன்று வருஷம் விட்ட பிழை அதுதான். கடைசியில் நெய், கஜு (முந்திரிப்பருப்பு), பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), ஏலம். சர்க்கரைக்குப் பதில் சீனி போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா. சனம் நெரியும், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வெளிக்கிடுங்கள். அடுத்த நாள் பட்டிப்பொங்கல். மாடு நிற்கிற வீடொன்றைத் தேடிப் போங்கள், மாட்டைக் குளிப்பாட்டி மாலை போட்டு அதற்குப் புக்கை கொடுப்பார்கள்.

லீவு மிச்சமிருந்தால் தைப்பூசம் வரைக்கும் நில்லுங்கள். 2024இல் அது பொங்கல் கழித்துப் பத்து நாளில் வந்தது, 2025இல் பெப்ரவரி 11 வரை இழுத்தது. அன்றுதான் வீடுகளில் புதிர் எடுப்பார்கள், அதாவது வயலில் விளைந்த புது நெல்லை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பொங்கலுக்குப் பானையில் விழுவது பலவேளை போன போகத்து அரிசி, வயலில் புது நெல்லைப் பார்க்கிற ஆசை இருந்தால் பூசத்தை ஒட்டிப் போவதே சரி.