ஓட்டத்திற்குப் பின் எப்சம் உப்பு நீரில் கால்களை ஊறவைக்கும் முறை

புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்குப் பயிற்சி நாளன்று வலி அவ்வளவாகத் தெரியாது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போதுதான் கெண்டைக்காலும் தொடையும் பிடித்துக்கொள்ளும். பழகாத உழைப்பால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமே இதற்கு முக்கியக் காரணம். இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சமடைந்து, சில நாட்களில் தானாகவே தணியும். ஓடும்போது தசையில் உருவாகும் லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று பலர் சொல்வது சரியன்று. ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்திலேயே அது வழக்கமான அளவுக்கு இறங்கிவிடுகிறது.

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். இங்கிலாந்தின் எப்சம் என்ற ஊரின் ஊற்றுநீரிலிருந்து முன்பு எடுக்கப்பட்டதால் அந்தப் பெயர். நம் ஊரில் பேதி உப்பு என்றும் சொல்வார்கள். உரக்கடையிலும் இது கிடைக்கும், ஆனால் அது செடிகளுக்கானது. மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

தோல் வழியாக மெக்னீசியம் தசைக்குள் சென்று வலியைப் போக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதமான சூட்டில் இரத்த ஓட்டம் கூடி, இறுகிய தசை தளர்வதே நாம் உணரும் சுகத்திற்குப் பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து. ஆகவே உப்பின் அளவைவிட நீரின் சூட்டிலேயே அதிகக் கவனம் வையுங்கள்.

முதலில் கால்களைப் பாருங்கள். கணுக்கால் பிசகியோ வீங்கியோ இருந்தால் முதல் இரண்டு நாட்களுக்குச் சூடு கூடாது, ஏனெனில் அது வீக்கத்தை அதிகப்படுத்தக்கூடும். திறந்த புண்ணோ வெடித்த கொப்புளமோ இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும் அபாயம் உண்டு. அவர்களுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே செய்யலாம்.

அடுத்து, கெண்டைக்கால் மூழ்குமளவு உயரமான வாளி ஒன்றை நாற்காலியின் முன் வையுங்கள். ஒரு சொம்பு வெந்நீரில் இரண்டு கைப்பிடி, அதாவது ஏறத்தாழ 100 கிராம் உப்பைப் போட்டு, அடியில் படிகம் நறநறப்பது நிற்கும் வரை கலக்குங்கள். அதை வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீரும் வெந்நீரும் சேர்த்துப் பத்து லிட்டராக்குங்கள். சூடு 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். வெப்பமானி இல்லையென்றால் முழங்கையை நனைத்துப் பாருங்கள்: இதமாக இருக்க வேண்டும், சுரீரென்று இருந்தால் கால் வைக்கக் கூடாது.

ஓடி முடித்தவுடனே உட்காராமல், சற்று நடந்து, தண்ணீர் குடித்து, வியர்வை அடங்கிய பிறகு கால்களை வையுங்கள். பதினைந்து நிமிடம் போதும்; இடையிடையே விரல்களை மடக்கி நீட்டி, கணுக்காலை மெல்லச் சுழற்றுங்கள். தலைசுற்றினால் உடனே கால்களை வெளியே எடுத்துவிடுங்கள். முடிந்ததும் ஈரக்காலோடு நடக்காமல், நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்குவரை துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். உப்புநீர் தோலை வறட்சியாக்கும்.

வாரத்தில் இரண்டு மூன்று முறை செய்தால் தாராளம். ஆனால் வலி தாங்க முடியாததாகி, தசை பலவீனமடைந்து, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். வாளியை ஒதுக்கிவிட்டு அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.