குந்திப்புழையை வரைபடத்தில் படிப்பது எப்படி?

அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பலர் குந்திப்புழையின் தெளிந்த தண்ணீரைப் பார்த்து மகிழ்ந்து திரும்பிவிடுகிறார்கள். முந்தைய நாள் ஒரு மணி நேரம் வரைபடத்தோடு உட்கார்ந்தால், அந்த ஆறு ஏன் அப்படி ஓடுகிறது என்பதும் விளங்கும். நிலவியல் படித்திருக்க வேண்டியதில்லை, பென்சில் போதும்.

படி 1: ஓபன்டோப்போமேப் (OpenTopoMap) இணையதளத்தில் சம உயரக் கோடுகளோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளோடு, வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. கேரளத்தின் மண்ணார்க்காட்டுக்கு வடக்கே தேடி, அந்தப் பகுதியை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆற்றைக் காட்டும் நீலக் கோட்டை இப்போதைக்கு விட்டுவிட்டு, மலைமுகடுகளை வரையுங்கள். சம உயரக் கோடுகள் கூராக வளையும் இடங்களைக் கவனியுங்கள். கூர்முனை மேட்டை நோக்கினால் அது ஓடை. பள்ளத்தை நோக்கினால் முகடு. முகடுகளை இணைத்தால் கிடைப்பதுதான் நீர்ப்பிரிமேடு. இந்தப் படிக்கு அவசரமே வேண்டாம். கிழக்கு முகட்டின் இந்தப் பக்கம் விழும் மழை குந்திப்புழையில் இறங்கி, தூதப்புழை, பாரதப்புழை வழியாகப் பொன்னானியில் அரபிக்கடலைச் சேர்கிறது. அந்தப் பக்கம் விழுவது பவானியாகி, அட்டப்பாடியைக் கடந்து, கூடுதுறையில் காவிரியோடு கலந்து வங்கக்கடலுக்குப் போகிறது. முதன்முதலில் இந்தக் கோட்டை வரைந்தபோது நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி 3: சரிவைக் கணக்கிடுங்கள். ஆற்றின் படுகை சுமார் 12 கிலோமீட்டரில் 1,861 மீட்டரிலிருந்து 900 மீட்டருக்கு இறங்குகிறது. ஆனால் கடைசி 8 கிலோமீட்டரில் இறக்கம் வெறும் 60 மீட்டர். அப்படியானால் முதல் 4 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 225 மீட்டர். பிறகு ஏழரை மீட்டர்தான்! மேலே கோடுகள் நெருக்கியடிப்பதும் கீழே விலகி நிற்பதும் இதனால்தான்.

இப்போது பூங்காவுக்குள் இருக்கும் சைரந்திரி என்ற இடத்தைப் பாருங்கள். சுற்றிலும் உயர்ந்த முகடுகள், நடுவே சமமான தரை, தண்ணீர் வெளியேற ஒரு குறுகிய வாய். அணை கட்ட நினைப்பவர் தேடுவது இதைத்தான். 1973இல் திட்டக்குழு அங்கே நீர்மின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தார்கள், 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் தேசியப் பூங்கா பிறந்தது. அந்தக் காடு நீருக்குள் போகாமல் தப்பியதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

படி 4: வரைபடத்தோடு நேரில் போங்கள். பூங்காவுக்குப் போகும் வழியில் உள்ள முக்காலி என்ற ஊரில் அனுமதி பெற்று, வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில் சைரந்திரிக்கு 23 கிலோமீட்டர். கிளம்புமுன் முக்காலியில் ஓடும் ஆற்றை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அது பவானி. சைரந்திரியில் நீங்கள் காணப்போவது வேறொரு கடலுக்குப் போகும் தண்ணீர்.